தண்ணீர் மட்டும் உருண்டது

செம்மநத்தம்
18.2.2024

அன்புத் தங்கச்சி சக்திக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ஊர்ச் சாப்பாடு பழகிவிட்டதா, இன்னும் ராத்திரியில் சோற்றுக்கு ஏங்குகிறாயா? இங்கே உன் மாமாவும் நானும் சுகம். கீர்த்தியைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போன் அடித்தால் முதலில் ஓடிவந்து எடுப்பவள் அவள்தான். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்ப்பாள். ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவளுடைய ரத்தப் புற்றுநோயைப் பற்றி நான் எப்படிப் பேசுவது?

இரண்டாம் கட்ட மருந்து முடிந்து வியாழக்கிழமை சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு தடவை வாந்தி எடுத்தாள். வந்ததும் நாயைத் தேடினாள். அதை முன்னாடியே பக்கத்து வீட்டுப் பாவாயியிடம் கொடுத்துவிட்டோம். ஊசிக்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

கிளம்பும்போது டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரத்தத்துல வெள்ளை அணு நொம்ப கம்மியா இருக்குதும்மா. மத்த புள்ளைங்கள ஒண்ணும் பண்ணாத கிருமி இவளைப் படுக்க வச்சிரும். ஊட்டுல எங்கயும் ஈரமோ பூசணமோ இருக்கக் கூடாது" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த ஏற்காட்டு மலையில் ஈரம் இல்லாத வீடு எங்கே இருக்கிறது சக்தி? நம் பாத்ரூம் உனக்குத் தெரியும். பாறையை ஒட்டி இருக்கிறது, வெயிலே படாது. டைல் இடுக்கெல்லாம் கறுப்பு. தினமும் காலையில் ப்ளீச்சிங் பவுடர் போட்டு நாரால் தேய்க்கிறேன். ஒரு நாள் விட்டால் மறுபடி எட்டிப் பார்க்கிறது. அந்த நெடி கீர்த்திக்கு ஆகவில்லை. இருமி இருமி முகம் சிவந்துபோகிறது.

தீபாவளிக்கு வந்தபோது சொன்னாயே, உங்கள் டைல் கம்பெனியில் ஒரு பூச்சு செய்கிறீர்கள், தண்ணீரும் ஒட்டாது, கிருமியும் தங்காது என்று. அது நிஜம்தானா? நிஜமென்றால் நமக்குக் கொஞ்சம் கிடைக்குமா?

வேளாவேளைக்குச் சாப்பிடு கண்ணு.

உன் அக்கா,
கலா


மோர்பி, குஜராத்
6.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ, மாமா, கீர்த்திக் குட்டி மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் லேபில் சுற்றினேன். பிறகு எங்கள் லேப் தலைவர் சந்திரசேகர் சாரிடம் போய்க் கேட்டேவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, "வருஷம் முழுக்க ஈரமா இருக்கிற இடத்துல இதை நாம சோதிக்கவே இல்லை. உங்க அக்கா வீட்டையே அந்த இடமா வச்சுக்கலாம்" என்றார். விற்பனைக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதற்கு முன்னால் உன் சுவருக்கு வருகிறது.

பெட்டியில் இரண்டு பாட்டில் இருக்கிறது. சுவரை நன்றாகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பஞ்சால் பூசு. ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. பூச்சுக்கு இரண்டு வேலை. மேல்பக்கம் தண்ணீரை நிற்கவிடாது, சேம்பு இலையில் உருளுமே, அப்படி உருண்டு போய்விடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் இருக்கின்றன. மிஞ்சித் தங்குகிற கிருமியை அவை கொன்றுவிடும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பூசின பிறகு ப்ளீச்சிங் பவுடர், ஆசிட், நார், பிரஷ் எதுவும் கூடாது. பூச்சு உரிந்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு டைல் துண்டுகளும் வைத்திருக்கிறேன். அதே பூச்சு பூசியவை. குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு மாதம் ஒன்றாகப் பெயர்த்துப் பார்சலில் அனுப்பு. அதன்மேல் கிருமியை விட்டு, எவ்வளவு சாகிறது என்று இங்கே எண்ணிப் பார்ப்போம். அதோடு ஒரு கடிதமும் வை. போனில் நீ சொல்ல முடியாததெல்லாம் அதில் வரட்டும்.

கீர்த்தியின் கன்னத்தில் என் முத்தம்.

உன் தங்கை,
சக்தி


செம்மநத்தம்
9.4.2024

அன்புச் சக்திக்கு,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம், இந்தத் தடவை மனதாரவே எழுதுகிறேன்.

உன் மாமா எஸ்டேட்டுக்கு லீவு போட்டுவிட்டுப் பூசினார். நான் பக்கத்தில் நின்று, "இங்க உட்டுப்போச்சுங்க, அங்க உட்டுப்போச்சுங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் பஞ்சை என் கையில் கொடுத்து, "நீயே பூசு சாமி" என்று கும்பிட்டார். மறுநாள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அடேயப்பா, பாசிமணி கொட்டின மாதிரி ஓடியது. சுவர் தொட்டால் காய்ந்திருக்கிறது.

கீர்த்திக்கு இப்போது பாத்ரூம்தான் விளையாட்டு மைதானம். விரலால் தண்ணீர் தெளித்து, "அம்மா, இது என்ற காரு, அது உன்ற பஸ்ஸு, எது முன்னால போவுது பாரு" என்கிறாள். என் பஸ் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. நேற்றுத் தலையைத் தடவிக்கொண்டே, "சித்தியக் கேளு, என்ற மண்டைக்கும் அந்த மருந்தப் பூசலாமான்னு. மழை பெஞ்சா நனையாதில்ல" என்றாள். முடி கொட்டின பிறகு அவள் தன் தலையைப் பற்றிச் சிரித்துப் பேசினது அதுதான் முதல் தடவை. நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ப்ளீச்சிங் பவுடர் டப்பாவைப் பாவாயிக்குக் கொடுத்துவிட்டேன். இருமல் நின்றுவிட்டது. முதல் துண்டு இதோடு வருகிறது.

கலா


மோர்பி
27.4.2024

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு இந்தக் கடிதமே காரணமாக இருக்கட்டும். முதல் துண்டின் முடிவு வந்துவிட்டது. நூறு கிருமியை விட்டால் தொண்ணூற்றொன்பது செத்துவிடுகிறது. ஏற்காட்டுப் பனியில் ஒரு மாதம் இருந்த டைல்! சந்திரசேகர் சார் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். நான் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு கீர்த்தியை நினைத்தேன்.

இத்தனை வருஷம் படித்ததற்கு இதுதான் அர்த்தம் என்று தோன்றுகிறது. அப்பா இறந்த பிறகு என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு நீ காப்பித் தோட்டத்துக்குப் போனாயே. அதை நான் எப்படித் தீர்க்கப் போகிறேன் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். இப்போது ஒரு சுவராவது உனக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

கீர்த்தியிடம் சொல், மண்டைக்குப் பூசக் கூடாது, முடி வரும்போது வழுக்கி விழுந்துவிடும்.

சக்தி


செம்மநத்தம்
16.6.2024

அன்புச் சக்திக்கு,

நீ சுகமா கண்ணு? மே மாதம் வெறும் துண்டை மட்டும் அனுப்பினேன். சேலத்துக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் எழுத நேரம் இல்லை. இப்போது மூன்றாவது துண்டு.

மழை பிடித்துக்கொண்டது. பத்து மணி வரை எதிர்வீடு தெரிவதில்லை. துவைத்த துணி நான்கு நாள் கொடியில் தொங்குகிறது. மற்ற சுவரெல்லாம் வேர்க்கிறது, பாத்ரூம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. நான் நாரைத் தொட்டு மூன்று மாதம் ஆகிறது. பாவாயி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க கலா, உங்கூட்டுச் சுவத்துல மட்டும் பனி ஏறாதுங்களா?" என்றாள். "என்ற தங்கச்சி படிச்ச படிப்புங்க அது" என்றேன். பெருமைதான், என்ன இப்போது?

கீர்த்திக்கு முடி பூனை மயிர் மாதிரி முளைக்கிறது. டாக்டர் அம்மாவுக்குத் திருப்தி. ஜூலையில் ஒரு பெரிய மருந்து பாக்கி இருக்கிறதாம். அது போட்ட பிறகு வெள்ளை அணு அடியோடு இறங்கும், மூன்று நான்கு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அதைத் தாண்டிவிட்டால் பள்ளிக்கூடம். பை வாங்கியாகிவிட்டது.

முடிவு வந்ததும் எழுது.

அக்கா


மோர்பி
16.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலமா? கீர்த்திக்குப் பெரிய மருந்து போட்டாயிற்றா? ஜுரம் ஏதும் இல்லையே? மாமாவின் முதுகுவலி தேவலையா? இங்கே புழுக்கம் தாங்கவில்லை. சூளைப் பக்கம் போகவே முடியவில்லை.

அடுத்த துண்டைச் சீக்கிரம் அனுப்பு. முடிந்தால் இரண்டாக அனுப்பு. பாத்ரூம் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வை, காற்றோட்டம் இருந்தால் நல்லது. கீர்த்தியைச் சுடுதண்ணீரில் துணி நனைத்து அறையிலேயே துடைத்துவிட்டாலும் போதும்.

வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

சக்தி


செம்மநத்தம்
29.7.2024

அன்புச் சக்திக்கு,

எல்லாரும் சுகம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். உன் கடிதம் இரண்டு வரியில் முடிந்துவிட்டதே, வேலை அவ்வளவு கடுமையா?

நீ சொன்னபடி ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். பனி உள்ளே வருகிறது, ஆனாலும் சுவரில் நிற்பதில்லை, உருண்டுவிடுகிறது. அறையில் துடைத்துவிடலாம் என்றால் கீர்த்தி கேட்கிறாளா? "என்ற காரு அங்கதான் நிக்குது" என்று பாத்ரூமுக்கே ஓடுகிறாள்.

பெரிய மருந்து பத்தாம் தேதி போட்டார்கள். நான்கு நாளாக லேசாக இருமல் இருக்கிறது. நேற்று உடம்பு வெதுவெதுப்பு. வெள்ளிக்கிழமை எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்தான், காட்டிவிடலாம்.

இரண்டு துண்டு வைத்திருக்கிறேன். போன துண்டு என்ன ஆயிற்று என்று நீ சொல்லவே இல்லையே. நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அக்கா


மோர்பி
12.9.2024

அக்கா,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை.

நான் வந்து சேர்வதற்குள் கீர்த்தியை மண்ணில் வைத்துவிட்டார்கள். மூன்று நாள் உன் பக்கத்தில் படுத்திருந்தேன். நீ தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எவ்வளவோ செஞ்ச கண்ணு" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ரயிலிலிருந்து எழுத ஆரம்பித்து, கிழித்துக் கிழித்து, இன்று எழுதுகிறேன்.

நீ ஜூனில் அனுப்பிய துண்டில் பூச்சு வேலை செய்யவில்லை.

தண்ணீர் உருண்டது. முதல் நாள் மாதிரியே உருண்டது. ஆனால் கிருமி சாகவில்லை. மே மாதத் துண்டுவரை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்த இடத்தில் நாற்பதுகூடச் சாகவில்லை. ஓயாத ஈரத்தில் வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விட்டது. பார்ப்பதற்குச் சுவர் அப்படியே இருக்கும். அதனால்தான் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

சந்திரசேகர் சாரிடம் காட்டினேன். "ஒரு துண்டை வச்சு முடிவு கட்டாதீங்க. மறுபடி சோதிச்சுப் பார்க்கிற வரைக்கும் இது வெளிய போகக் கூடாது" என்றார். வெளியே என்றால் கடைக்காரர்கள், மற்ற கம்பெனிகள். உன்னையும் அதில் சேர்த்துக்கொண்டேன். இன்னொரு துண்டு வந்தால் தெரிந்துவிடும், அதற்குள் உன்னை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தேன். அது ஒரு பாதிதான். இன்னொரு பாதி, "என்ற தங்கச்சி படிச்ச படிப்பு" என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரி. அது பொய்யாகப் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

ஜன்னலைத் திற, அறையிலேயே துடை என்று சுற்றி வளைத்தேன். 'மறுபடி ப்ளீச்சிங் பவுடர் போடு' என்று ஒரு வரி எழுதவில்லை. தேய்க்காதே என்று சொன்னவள் நான்தானே.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மாமா போன் செய்தார். நுரையீரலில் பூசணம் என்கிறார்கள் என்றார். அப்போதும், "சரியாயிடுமுங்க மாமா" என்றுதான் சொன்னேன்.

நீ பிறகு அனுப்பிய இரண்டு துண்டிலும் அதே முடிவுதான். ஆனாலும் விற்பனைக்குப் போகும் பெட்டியின் மேல் 'கிருமி அண்டாது' என்று அச்சடிக்கப் போகிறார்கள். அதை நிறுத்தும் வரை இங்கிருந்து போகமாட்டேன். இதைச் சொல்வதால் எதுவும் ஆகாது என்று தெரியும்.

நீ எதை எழுதினாலும் வாங்கிக்கொள்வேன்.

சக்தி


செம்மநத்தம்
20.10.2024

சக்திக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். உன் மாமாவுக்குத் தெரியாது.

ஒரே ஒரு கேள்வி. அந்தத் துண்டின் முடிவு உன் கைக்கு எந்தத் தேதி வந்தது? நீ எழுதவில்லை. தேதியை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

கலா


மோர்பி
29.10.2024

அக்காவுக்கு,

ஜூலை 5. வெள்ளிக்கிழமை மதியம்.

சக்தி


செம்மநத்தம்
26.1.2025

சக்திக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் அப்படித்தான். காப்பிப் பழம் எடுக்கும் காலம் என்பதால் நானும் எஸ்டேட்டுக்குப் போகிறேன். அங்கே கூலிக் கணக்குப் பார்க்கும் ரைட்டர் வெங்கடாசலம் என்னிடம் எதுவும் கேட்காமல் பேரை எழுதிக்கொண்டார்.

நீ அனுப்பிய தேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மருந்து போட்டது ஜூலை பத்து. அதற்கு ஐந்து நாள் முன்னால் உனக்குத் தெரியும். கார்த்திகையில் ஒரு நாள், பாவாயிக்குக் கண் காட்டப் போகிறேன் என்று உன் மாமாவிடம் சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் போனேன். டாக்டர் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

"ஏனுங்க டாக்டர், ஜூலை அஞ்சாந் தேதியில இருந்து நான் பாத்ரூமத் தேய்ச்சிருந்தா எம்பொண்ணு இருந்திருப்பாளுங்களா?" என்று கேட்டேன்.

"அப்படி யாராலயும் சொல்ல முடியாதும்மா. அந்தப் பூசணம் காத்துலயே இருக்குது. மக்கின எலையில இருக்கும், காப்பிக் களத்துல இருக்கும். எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது."

"பாத்ரூம்ல இருந்து வரலைன்னாவது சொல்லுவீங்களா?"

"அதையும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றை முடிவு செய்தேன். நீ எழுதிவிட்டாய், நானும் எழுதிவிட வேண்டும் என்று.

ஜூலை இருபது வாக்கில் குழாய்க்குக் கீழே மூலையில் மிளகு அளவுக்கு நான்கைந்து கறுப்புப் புள்ளி பார்த்தேன். துணியால் துடைத்தேன். இரண்டு நாளில் மறுபடி வந்தது. நாரை எடுத்தேன் சக்தி. கையில் எடுத்துவிட்டு, தேய்த்தால் பூச்சு போய்விடும், உன் உழைப்பு வீணாகிவிடும் என்று கீழே வைத்துவிட்டேன். உனக்கு அந்தக் கடிதம் எழுதும்போது இதையும் எழுத வந்தேன். உன் மனசு வாடும் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ அன்றைக்கே போன் செய்திருப்பாய்.

இதை உன் மாமாவிடம் நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. அவர் கையால் பூசின சுவர் அது. தெரிந்தால் அந்த மனுஷன் எழுந்திருக்கமாட்டார். போன வாரம் ஆள் வைத்து டைலையெல்லாம் பெயர்க்கச் சொன்னேன். "நல்லாத்தானே இருக்குது, ஏன் புள்ள?" என்றார். "எனக்கு அங்க போவ முடியலைங்க" என்றேன். அதற்கப்புறம் அவரே கடப்பாரையை எடுத்துக்கொண்டார். இப்போது வெறும் சிமெண்ட் பூசியிருக்கிறோம். அதில் பனி ஏறுகிறது. தேய்க்கிறேன்.

அந்தப் பெட்டியில் அப்படி அச்சடிக்க விடாதே. மூன்று மாதத்துக்கு மேல் தண்ணீர் மட்டும்தான் உருளும், கிருமி சாகாது என்று, படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுது. வேலை போனாலும் எழுது. வேறு ஒரு வீட்டில் ஒருத்தி சுவரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். மேலே பார், அடித்திருக்கும் இடம் தெரியும். கோபம் இருக்கிறது. என்மேல் இருக்கிற அளவுக்கு உன்மேலும் இருக்கிறது. சில நாள் உன்மேல் கொஞ்சம் கூட. உன் கையெழுத்தைக் கவரில் பார்த்தாலே கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அதனால் கொஞ்ச காலத்துக்கு எழுதாதே. போனும் வேண்டாம். இது குறையும்போது நானே எழுதுகிறேன். குறையாமலே போனாலும், உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும் உடனே சொல்லி அனுப்பு. அப்போது வராமல் இருக்கமாட்டேன்.

கலா